ஜெயபாரதிக்குக் கார்டியன் ஜெயபாரதி

பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் நாளே ஜெயபாரதி பெற்றோர் சங்கத் தலைவியாகிவிட்டாள். அவள் அங்கே படிக்க வந்தவள் என்பது பல்கலைக்கழகத்துக்கு உறைக்க மூன்று வாரம் பிடித்தது. இதில் யார் மேல் தப்பு என்று கேட்டால் எல்லார் மேலும்தான். ஆனால் பிள்ளையார் சுழி போட்டது அவளுடைய கை, அதை மறைப்பானேன்.

கை என்றால் நிஜமாகவே கைதான். மகள் மஹதி கே.ஜி.யில் சேர்ந்த நாளிலிருந்து விண்ணப்பம் நிரப்பிப் பழகிப்போன கை. ஷார்ஜா பள்ளிக்கூடம், அரபி டியூஷன், நீச்சல், கீபோர்டு, கராத்தே, கடைசியாக ஹாலந்தில் மஹதி சேர்ந்த கல்லூரி வரைக்கும், கார்டியன் பெயர் என்ன என்று எங்கே கேட்டாலும் அந்தக் கை யோசிக்காமல் ஜெயபாரதி என்று எழுதிவிடும். கணவர் முரளிதரன் ஒரு ஏசி கம்பெனியில் கொள்முதல் மேலாளர். அவர் பெயரைப் போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து வரும் ஃபோன் அவருக்குப் போகும். அவர் மீட்டிங்கில் இருப்பார். மீட்டிங் முடிந்து வெளியே வருவதற்குள் காய்ச்சலே சரியாகியிருக்கும்.

மகளை விமானம் ஏற்றிவிட்டு வந்தபிறகு ஷார்ஜா நஹ்தா ஃபிளாட்டில் ஜெயபாரதிக்குப் பொழுது நகரவில்லை. ஒரு மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து, துபாயில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ. படிக்கத் தனக்குத்தானே விண்ணப்பம் போட்டாள். மாணவர் பெயர் கேட்டது. ஜெயபாரதி என்று அடித்தாள். கார்டியன் பெயர் கேட்டது. கை தன் வேலையைப் பார்த்தது. கம்ப்யூட்டருக்கு இதில் ஆட்சேபணை ஏதும் இல்லை.

நாற்பத்தொரு வயதில் பி.பி.ஏ. எதற்கு என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொன்னாள். பக்கத்து ஃபிளாட்டுக்காரியிடம் சும்மா டைம் பாஸ் என்றாள், முரளிதரனிடம் ஆன்லைனில் புடவை வியாபாரம் பண்ணலாமென்று ஒரு எண்ணம் என்றாள். உண்மையான காரணம் திண்டுக்கல்லில் இருந்தது. பதினெட்டு வயதில் அங்கே பி.காம். சேர்ந்து சில நாள் போயிருக்கிறாள். அதற்குள் துபாய் மாப்பிள்ளை ஜாதகம் வந்துவிட்டது, அப்பா டி.சி. வாங்கக் கிளம்பிவிட்டார். கல்லூரி முதல்வர் நல்ல மனுஷி. "பொண்ணு நல்ல மார்க் எடுத்திருக்கே. நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். முதல்வர் பெண்ணைப் பார்த்தார். அதுவும் தன் கட்டைவிரலைப் பார்த்தது. அந்த அறையில் யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், ஒருவேளை நடந்திருக்கும். யாரும் பேசவில்லை. முரளிதரன் நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இந்தக் கதையே தெரியாது.

ஆகவே இந்த இடம் அவளுக்கு லேசுப்பட்ட இடமில்லை. சேர்க்கைக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. முதல் மூன்று வாரம் வகுப்புக்கு வராதவர்களின் இடம் ரத்து. ஜெயபாரதி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். வராமல் இருப்பேனா நான்?

அறிமுக நாளன்று புது சுடிதார், புதுப் பை, புது பேனா என்று போய் நின்றாள். வாசலில் ஹிஃப்ஸா என்ற இரண்டாம் வருஷப் பெண் வந்தவர்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். கீழக்கரைக் குடும்பம், பிறந்து வளர்ந்தது எல்லாம் துபாயின் தேரா. மாணவர்களுக்கு நீல நாடா, பெற்றோருக்குப் பச்சை நாடா.

"வெல்கம் ஆன்ட்டி! நேம் சொல்லுங்க."

"ஜெயபாரதி."

ஹிஃப்ஸா கையிலிருந்த டேப்லெட்டில் தேடினாள். அந்தப் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள். எந்த இடம் பொருந்தும் என்பதில் அவளுக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. பச்சை நாடா ஜெயபாரதியின் கழுத்தில் விழுந்தது.

"பேரன்ட்ஸ் எல்லாம் லெஃப்ட் ஹால், ஆன்ட்டி. உள்ள கரக் டீ இருக்கு, சமோசா இருக்கு."

"இல்லம்மா, நான்தான்..."

"டாட்டரைப் பத்தி வொர்ரி பண்ணாதீங்க, நாங்க பாத்துக்கறோம். யல்லா ஆன்ட்டி, பின்னாடி க்யூ நிக்குது!"

பின்னால் உண்மையிலேயே க்யூ நின்றது. தவிர, யாராவது ஆன்ட்டி என்று கூப்பிட்டு ஒரு பக்கம் கையைக் காட்டினால் அந்தப் பக்கம் போய்ப் பழகிய உடம்பு அது. போய்விட்டது.

உள்ளே ஒரு மனநல ஆலோசகர், பிள்ளைகளை விட்டுப் பிரியப் பழகுவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த ஹாலில் உங்கள் குழந்தை தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பதை மனதில் கொண்டுவாருங்கள் என்றார். ஜெயபாரதியும் மூடினாள். அடுத்த ஹாலில் ஒரு நாற்காலி. நாற்காலி காலியாக இருந்தது. அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் சவூதியின் தம்மாமிலிருந்து மகள் ருக்கையாவை ஹாஸ்டலில் விட வந்தவர். டிஷ்யூவை நீட்டி, "முதல் பிள்ளையா?" என்று கனிவாகக் கேட்டார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றபோதுதான் வினை ஆரம்பித்தது. ஷார்ஜாவிலிருந்து வரும் கல்லூரி பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று ஜெயபாரதி கேட்டாள். தனக்காகத்தான் கேட்டாள். எட்டே கால் என்றார் அதிகாரி. முதல் வகுப்பு எத்தனை மணிக்கு? எட்டு என்றார் அதிகாரி. அவ்வளவுதான், ஜெயபாரதி எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்போ பிள்ளைங்க டெய்லி கால் மணி நேரம் லேட்டா வந்து திட்டு வாங்கணுமா சார்? பஸ்ஸும் உங்களுது, க்ளாஸும் உங்களுது, ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தை இல்லையா?"

ஹால் அதிரக் கைதட்டினார்கள். அத்தனை வருஷம் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் பேசி வளர்ந்த குரல், வீண் போகுமா? பஸ் நேரம் அங்கேயே மாற்றப்பட்டது. அடுத்த நிகழ்ச்சி பெற்றோர் சங்கத் தலைவர் தேர்தல். தம்மாம்காரர் அவள் பெயரை முன்மொழிந்தார், மொத்த ஹாலும் வழிமொழிந்தது. வேண்டாம் வேண்டாம் என்று அவள் கையை ஆட்டியதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள்.

பூங்கொத்தோடு அவள் மாணவர் அட்டை கொடுக்கும் ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே இருந்த இளைஞன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"ஸ்டூடண்ட் நேர்ல வரணும் மேடம்."

"நான்தாங்க ஸ்டூடண்ட்."

அவன் அன்பாகச் சிரித்தான். "எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க மேடம்."

அவனைக் கோபித்துப் பயனில்லை. நம் ஊர் அம்மாக்கள் பேசும் பேச்சு அப்படி. நாங்க இந்த வருஷம் டென்த், எங்களுக்கு நாளைக்கு மேத்ஸ், நாங்க இன்னும் கெமிஸ்ட்ரி முடிக்கல. காலையிலிருந்து அந்த ஜன்னலில் எத்தனையோ அம்மாக்கள் "நாங்க பி.பி.ஏ. சேர்ந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஜெயபாரதியே மஹதியின் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க, "நாங்க அக்கவுண்ட்ஸ்ல கொஞ்சம் வீக்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள்தானே. அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்து, "இது உங்களோடது. பொண்ணோடதைக் கொண்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தான்.

அலுவலகத்துக்கு ஈமெயில் எழுதினாள். பதில் மாணவர் கணக்குக்கு அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. மாணவர் கணக்கைத் திறக்க மாணவர் அட்டையின் எண் வேண்டும். நேரில் போய்க் கேட்டாள். மாணவர் விவகாரத்தை மாணவரோடு மட்டும்தான் பேசுவோம், தனியுரிமைச் சட்டம் என்று ஒரு பெண் மரியாதையாகக் கையை விரித்தாள். அட்டை இல்லை, அனுமதி இல்லை என்பதைக் காவலாளி மட்டும் நேராகச் சொன்னார்: "கார்டு மாஃபி, என்ட்ரி மாஃபி."

ஆனால் பச்சை நாடாவுக்கு எல்லாக் கதவும் திறந்தது. தலைவி என்று அதில் பொன்னிறத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். படிக்க வந்தவளாக உள்ளே போக முடியாத வகுப்புக்குள் தலைவியாகப் போகலாம். போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

மேலாண்மைப் பாடம் நடத்தியது ஆமிரா என்ற இளம் ஆசிரியை. அவளுக்கும் அந்தக் கல்லூரியில் அதுதான் முதல் வருஷம். கடைசி வரிசையில் பொன்னெழுத்துப் பச்சை நாடாவைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெற்றோர் சங்கம் தன்னை வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அன்றிலிருந்து உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தினாள். வருகை எடுக்கும்போது ஜெயபாரதி என்று அவள் கூப்பிட, ஜெயபாரதி கையைத் தூக்க, ஆமிரா அவளைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டுவாள். மகளுக்காக அம்மா ஆஜர் சொல்வதை எந்த ஆசிரியைதான் ஏற்றுக்கொள்வாள்? அப்சென்ட் என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவாள்.

மாணவர்களோ அவளை யாரோ ஒருவருடைய அம்மா என்று முடிவு கட்டியிருந்தார்கள். ருக்கையா அவளைக் கூடப் படிக்கும் ஆகிலின் அம்மா என்று நினைத்தாள், ஆகில் ருக்கையாவின் அம்மா என்று நினைத்தான். இருவரும் அவளுடைய டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததால் அவர்களால் ஃபோனைத் தொட முடியவில்லை. அந்த வரிசையே வேறு வழியில்லாமல் படித்துக்கொண்டிருந்தது.

ஏன் அவள் எழுந்து நின்று, ஐயா, நான் படிக்க வந்தவள் என்று ஒரு சத்தம் போடவில்லை? எனக்கும் ஆத்திரமாகத்தான் வருகிறது. பஸ்ஸுக்காக ஹாலையே அதிர வைத்தவள்தானே! ஆனால் அந்தக் குரல் அம்மாவின் குரல். பிள்ளைக்காக என்றால் அது எட்டு ஊருக்குக் கேட்கும். தனக்காக என்றதும் தொண்டையிலேயே நின்றுவிடும். வகுப்பில் ஆமிரா கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் கை பாதி தூரம் போய், முடியைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கிவிடும்.

மூன்றாவது வாரக் கடைசியில், அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது அவள் ஃபோனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அன்புள்ள கார்டியன், உங்கள் பிள்ளை ஜெயபாரதி இதுவரை ஒரு வகுப்புக்கும் வரவில்லை, திங்கட்கிழமை பிள்ளையோடு விசாரணைக் குழு முன் நேரில் வரவும், தவறினால் இடம் ரத்து.

அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம். ஒரு வகுப்புக்குமா போகவில்லை? அப்புறம் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஊர் சுற்றுகிறாள் இந்தப் பெண்? கரண்டியும் கையுமாக இரண்டு தடவை சமையலறைக்குள் நடந்த பிறகுதான் அந்தப் பெண் யார் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் இரண்டாவது செய்தி வந்தது: அன்புள்ள மாணவி, உங்கள் நடத்தை குறித்து உங்கள் கார்டியனிடம் தெரிவித்துவிட்டோம். மூன்றாவது: மதிப்புக்குரிய தலைவி அவர்களே, திங்கட்கிழமை ஒரு மாணவியின் இடத்தை ரத்து செய்வது பற்றிய விசாரணைக் குழுவில் உறுப்பினராக அமர்ந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.

முதல் இரண்டுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்றாவதுக்கு மட்டும், கண்டிப்பாக வருகிறேன் என்று பதில் போட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் முரளிதரனிடம் சொன்னாள். அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"என்னம்மா இது, காலேஜ்ல சேர்ந்தா அட்டெண்டன்ஸ் முக்கியமில்லையா? கொஞ்சம் சீரியஸா இருக்கணும்ல?"

"நான் தினம் போறேங்க."

"தினம் போறவளுக்கு ஏன் லெட்டர் வருது?" என்றார். பிறகு அப்பாவின் பொறுப்பு ஞாபகம் வந்தவராக, "திங்கட்கிழமை எனக்கு மீட்டிங். நீயே போய்ட்டு வந்துடு" என்றார்.

மஹதி ஹாலந்திலிருந்து வீடியோவில் விழுந்து விழுந்து சிரித்தாள். "மா, இட்ஸ் சோ சிம்பிள். பேரன்ட்ஸ் அசோசியேஷன் பிரசிடென்ட்கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணு!"

"சிரிக்காதடி. எடத்தைப் பிடுங்கிருவாங்கடி," என்றாள் ஜெயபாரதி. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மஹதி சிரிப்பை நிறுத்திவிட்டாள். அம்மா தனக்கென்று ஒன்றுக்காக அழுது அவள் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை விசாரணை அறையில் நீள மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மாணவர் நலத் தலைவர் கோபாலசாமி, சேலத்துக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுபவர். அவருக்கு ஒரு பக்கம் ஆமிரா. மறுபக்கம் தலைவிக்கென்று ஒரு சாய்வு நாற்காலி. மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு சாதா நாற்காலிகள், ஒன்று மாணவிக்கு, ஒன்று கார்டியனுக்கு. ஹிஃப்ஸா அவளைக் கொண்டுபோய்ச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலும் வைத்தாள்.

"கேஸ் ஒண்ணே ஒண்ணுதான். ஜெயபாரதின்னு ஒரு பொண்ணு," என்றார் கோபாலசாமி. "பொண்ணு வந்திருக்கா?"

ஹிஃப்ஸா கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பாருங்க, இதுக்கும் வரல. கார்டியன்?"

ஜெயபாரதி சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, கார்டியன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அட, நீங்கதானா மேடம் அது! உங்க பேரும்..." என்று காகிதத்தைப் பார்த்தார். "ஜெயபாரதி. பொண்ணுக்கும் உங்க பேரையேதான் வெச்சீங்களா? நல்லது. எங்க வீட்லயும் தாத்தா பேரு, என் பேரு, பேரன் பேரு மூணும் ஒண்ணுதான். கூப்பிட்டா மூணு பேரும் திரும்புவோம். சரி, பொண்ணு வீட்ல எப்படி?"

இங்கேதான் பழக்கதோஷம் மறுபடி தன் வேலையைக் காட்டியது. ஆசிரியர் முன்னால் உட்காரவைத்து, பிள்ளை வீட்டில் எப்படி என்று கேட்டால் நம் ஊர்த் தாய் ஒருத்திக்கு வாயில் வருவது ஒன்றே ஒன்றுதான்.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டா சார். எந்நேரமும் ஃபோன். உக்காந்து படிடின்னா சமையலறைக்குப் போயிடுவா. நீங்கதான் சார் நாலு வார்த்தை நல்லா சொல்லணும்."

கோபாலசாமிக்குப் பரம திருப்தி. உண்மையை ஒப்புக்கொள்ளும் பெற்றோரை அவர் பார்த்து நாளாகியிருந்தது. நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மூக்குக்கு இறக்கினார்.

"மனசு விட்டுச் சொல்றேன் மேடம். ஒரு நாள்கூட வரல. பொண்ணுக்குப் படிப்புல இஷ்டமில்லைன்னு தோணுது. இஷ்டமில்லாத பிள்ளையைப் பிடிச்சு வெச்சு என்ன பண்றது? கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிடுங்க. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அறை சட்டென்று திண்டுக்கல்லாகிவிட்டது. நீங்க என்னம்மா சொல்றீங்க. அதே கேள்வி, அதே வார்த்தை. ஜெயபாரதி குனிந்தாள். கால் கட்டைவிரல் தெரிந்தது. அது அவளுடைய அம்மாவின் கட்டைவிரலைப் போலவே இருந்தது.

இப்போது அவள் இருப்பது அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி. இதை நினைத்ததும் அவளுக்கு ஒரு ஆங்காரம் வந்தது. சாது மனுஷிக்கு வரும் ஆங்காரம், அதற்கு முன்னறிவிப்பு கிடையாது.

"இஷ்டமில்லைன்னு யார் சார் சொன்னது?"

கோபாலசாமி திடுக்கிட்டார்.

"அவளைக் கேட்டீங்களா? யாராவது அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு அவ வரணுமே மேடம்."

"வந்திருக்கா சார்."

எழுந்து, பக்கத்திலிருந்த மாணவி நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். "நான்தான் சார் ஜெயபாரதி. எனக்கு மக இருக்கா, ஹாலந்துல. இங்க படிக்க வந்தது நான்."

ஹிஃப்ஸா டேப்லெட்டைத் திறந்து பார்த்தாள், ஜெயபாரதியைப் பார்த்தாள், டேப்லெட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப கார்டியன்?" என்றார் கோபாலசாமி.

"அதுவும் நான்தான் சார்."

"இங்க உக்காந்திருந்தது?"

"அதுவும்தான்."

அவர் மூன்று நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நிர்வாகத்தில் ஊறிய மனிதர். அவருக்கு முதலில் எழுந்த கவலை நிர்வாகக் கவலைதான். "இது கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் ஆச்சே மேடம்!"

"ஆமா சார். மச்சான் பால் ஊத்துற டீக்கடை மாதிரி. பால் ஊத்துறவனே பில்லுக்கும் ஓகே சொல்லக்கூடாது."

ஆமிரா படக்கென்று நிமிர்ந்தாள். அந்தக் கல்லூரியில் வகுப்பில் டீக்கடை உதாரணம் சொன்னவள் அவள் ஒருத்திதான். மைத்துனன் பால் ஊற்றும் டீக்கடையை அவள் அந்த வகுப்புக்கு முதல் நாள் ராத்திரி தூக்கமில்லாமல் யோசித்து உருவாக்கியிருந்தாள், அதுவும் இந்தப் பச்சை நாடாவுக்குப் பயந்து.

"கடைசி வரிசை," என்றாள் ஆமிரா மெதுவாக. "கையைத் தூக்குவாங்க சார். தினமும் தூக்குவாங்க. நான்தான்..." மேலே சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி. ஜெயபாரதி, நீயே சொல்லும்மா," என்றார் கோபாலசாமி. மாணவி நாற்காலியில் இருந்ததால் மரியாதை தானாகவே ஒருமைக்கு இறங்கியிருந்தது. "நீ ஏன் படிக்கணும்?"

ஜெயபாரதி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அந்தக் கண்கள் அத்தனையும் அவளை, அவளை மட்டும், கேள்வி கேட்டன. இருபத்து மூன்று வருஷமாகப் பேசாமல் இருந்தவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசு என்றால் உடனே பேசிவிடுவாளா?

எழுந்தாள். கார்டியன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முந்தானை இல்லாத தோளில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அவளுக்குப் பேச வராது சார். நான் சொல்றேன்," என்றாள். இப்போது குரல் வந்தது. பஸ்ஸுக்காக ஹாலை அதிர வைத்த அதே குரல். "நல்லா படிக்கிற பொண்ணு சார் அது. ப்ளஸ் டூல அவ்வளவு மார்க். காலேஜ்ல சேர்ந்த வாரமே கூட்டிட்டு வந்துட்டாங்க. அன்னைக்கும் இப்படித்தான் ஒருத்தர் கேட்டாங்க, யாரும் வாயைத் திறக்கல. அதுவும் திறக்கல. வாய் இல்லாத பிள்ளை சார். வாய் இல்லாததுனால ஆசையும் இல்லைன்னு எல்லாரும் நினைச்சிட்டாங்க. இங்க மூணு வாரமா பஸ் பிடிச்சு வந்து, கார்டும் இல்லாம, பேரும் இல்லாம கடைசி வரிசைல உக்காந்து படிச்சிருக்கு. திருட்டுத்தனமா படத்துக்குப் போற பிள்ளைங்களைப் பார்த்திருப்பீங்க. திருட்டுத்தனமா பாடம் கேக்க வந்த பிள்ளையைப் பார்த்திருக்கீங்களா? பெத்தவ மாதிரி கேக்கறேன் சார். இந்தப் பொண்ணைப் படிக்க விடுங்க."

சொல்லி முடித்ததும் அழுதாள். ஹிஃப்ஸாவும் அழுதாள். ஆமிரா தன் பதிவேட்டில் அப்சென்ட்களை ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்திருந்தாள். கோபாலசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி நெற்றியில் வைத்துவிட்டு மேசை மேல் தேடினார்.

"விதிப்படி குழுவுல உக்காந்திருக்கிற எல்லாரும் சம்மதிக்கணும்," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "எனக்குச் சம்மதம். ஆமிராவுக்கும் சம்மதம்." காலியாக இருந்த சாய்வு நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஜெயபாரதியைப் பார்த்தார். டீக்கடையும் மச்சானும் அந்த அறையில் ஒரு கணம் வந்து நின்றிருக்க வேண்டும். "தலைவி வேற வேலையா வெளிய போயிருக்காங்கன்னு எழுதிக்கறேன்," என்றார்.

அங்கேயே ஒரு ஃபோட்டோ பிடித்து, அங்கேயே அட்டையை அடித்துக் கொடுத்தார்கள். ஹிஃப்ஸா பச்சை நாடாவைக் கழற்றிவிட்டு நீல நாடாவை மாட்டினாள். ஆன்ட்டி என்று ஆரம்பித்து, அக்கா என்று மாற்றி, பிறகு எதுவும் சொல்லாமல் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஃபோட்டோவில் ஜெயபாரதிக்கு மூக்கு சிவந்து, கண் வீங்கி, முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை மாதிரிதான் இருந்தது.

கதவு வரை போனவளைக் கோபாலசாமி கூப்பிட்டார். காகிதங்களை அடுக்கிக்கொண்டே, நிமிராமல், எல்லாப் பெற்றோரிடமும் கடைசியில் சொல்வதை அவளிடமும் சொன்னார்.

"மேடம், பொண்ணைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

ஜெயபாரதி நின்றாள். கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பி, அதில் இருந்த முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"இத்தனை நாளா விட்டுட்டேன் சார். இனிமே கவனிச்சுக்கறேன்," என்றாள்.